ஓதம் இல்லாத கரை

நாற்பத்தொரு நாள் கிடப்பில் போட்டிருந்தேன்.
பதினோரு வரித் திருத்தம், அவ்வளவுதான்.
அனுப்பியவள் யாஸ்னா மிஹோவிலோவிச்,
புன்டா அரீனாஸ், சிலி.

"மகெல்லன் நீரிணையின் முதல் இடுக்கில்
உங்கள் கணக்கு இருபத்திரண்டு நிமிடம் பிந்துகிறது.
படகு காத்து நிற்கிறது. படகுக்காக லாரிகள்.
நேரம் கிடைக்கும்போது பாருங்கள்."

நேரம் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.
தார்த்துவில் பிப்ரவரி. ஐந்து மணிக்கே இருட்டு.
ஆய்வகத்தில் பகலெல்லாம் ஊரார் இரத்தத்தை எண்ணிவிட்டு
வீட்டுக்கு வந்து, பட்டாணி சூப்பை அடுப்பில் வைத்து,
திரையில் அவள் பெயரைப் பார்ப்பேன்.
சூப் கொதிக்கும். மூடிவிடுவேன்.
ரைவோ விலகிப் போனபின்
சாவி என்னிடம் மட்டும்தான்.
சம்பளமில்லாத வாசற்காவல்.
கதவுக்கு வெளியே அறுபத்துமூன்று பேர்.

நாற்பத்திரண்டாம் நாள் உட்கார்ந்தேன்.
எடுத்த எடுப்பில் எழுதினேன்:
இடைவெளி நான்கு வேண்டும், மூன்றுதான் இருக்கிறது.
பிறகு: மாறியின் பெயர் ஸ்பானியத்தில் இருக்கிறது.
பிறகு: சோதனை எங்கே?

விடிவதற்குள் மாற்றி அனுப்பியிருந்தாள்.
நன்றி என்று வேறு.
நாற்பத்தொரு நாளைப் பற்றி
அந்த நன்றியில் ஒரு சொல்லும் இல்லை.
அதுதான் தைத்தது.

மூன்றாம் பதிப்பு. நான்காம் பதிப்பு.
உண்மையைச் சொன்னால்
அவள் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.
பிடிபடும்வரை
இடைவெளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவதில் கேட்டேன்:
இந்தப் பழைய வரியை ஏன் எடுத்தாய்?
மேலேயே குறிப்பு இருக்கிறதே,
'தொடாதீர்கள். காரணம் பிறகு எழுதப்படும்.'

"காரணத்தைத் தேடினேன்.
எங்கும் எழுதப்படவில்லை.
எழுதியவரைக் கேட்டால் தெரியுமோ?"

அவளுக்குத் தெரிந்திருக்கும்.
எந்த வரி யார் கை என்று காட்டும் கட்டளை
எல்லோர் கணினியிலும் இருக்கிறது.
நானும் தட்டிப் பார்த்தேன்.

ஹெல்வே கூசிக்.
2009 நவம்பர் 14, அதிகாலை 3.07.

நான்.

சாக்குக்கு ஒரு குழந்தையையும் காய்ச்சலையும் தேடினேன்.
அந்த வருஷம் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை.
தூக்கம் வந்திருக்கும். வேலை முடிந்தால் போதும் என்றிருக்கும்.
நிமிடங்களை அடுத்த அரைமணிக்குத் தள்ளிவிடும் ஒரு வரி.
பார்னுத் துறையின் அளவுகளை வைத்துச் சோதித்திருக்கிறேன்,
தேர்ச்சி பெற்றிருக்கிறது.

பெறாமல் என்ன செய்யும்?
எங்கள் கடலுக்கு ஓதம் கிடையாது.
ஏறினால் இரண்டு விரல், இறங்கினால் இரண்டு விரல்.
காற்று பிடித்துத் தள்ளினால்தான் தண்ணீர் படியேறும்.
இந்தக் கரையில் நின்றால்
எந்தக் கணக்கும் சரியாகத்தான் வரும்.

அவள் பக்கத்தில்
எட்டொன்பது மீட்டர் தண்ணீர்
நாளுக்கு இருமுறை எழுந்து நடக்கிறது.
அரைமணிக்காகக் காத்திருப்பதில்லை.

அவள் திருத்தத்தைச் சேர்த்தேன்.
ஒரு பொத்தான். பச்சை நிறம்.
அந்தப் பொத்தானுக்கும் நாற்பத்தொரு நாள் தேவைப்பட்டதில்லை.

பிறகு, பாக்கியிருந்த காரணத்தை எழுதினேன்,
பதினாறு வருஷம் பிந்தி:
'இங்கே ஒரு வரி இருந்தது. காரணம் ஏதுமில்லை.
அறியாத கடலுக்குக் கணக்கு எழுதிவிட்டேன். ஹெ.கூ.'
என் எழுத்தை நானே ஏற்றுக்கொள்வது வழக்கம்,
கேட்க ஆளில்லாததால்.
இந்த முறை அவள் பார்வைக்கு அனுப்பினேன்.

இங்கே நள்ளிரவு. உறைந்த ஆற்றின் மேல் யாரோ நாயோடு.
அங்கே கோடை, வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கும்.
பதினேழு நிமிடத்தில் பதில்:

"இரண்டாம் வரியில் ஒரு எழுத்துப்பிழை.
மற்றபடி சரி.
சோதனை எங்கே?"